சாவியை யார் வாங்கி வைப்பது?

மன்னார்குடி

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் தொழிற்சாலைக்குப் புகை, மது பற்றிய விதிமுறைகளை எழுதும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாகச் சொல்லி, எங்கள் அரிசி ஆலை அனுபவத்தைக் கேட்டிருந்தாய்.

பீடியை நிறுத்துவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களிலும் புகைப்பதற்குத் தடை உண்டு, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்று நான் படித்துக் காட்டியபோது ஒருவரும் அசையவில்லை. குறுவை நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எவரோ அணைக்காமல் எறிந்த பீடித் துண்டு காலிச் சாக்கு ஒன்றில் எட்டணாக் காசு அளவுக்குக் கருக்கியிருந்த துளையை, சுமைதூக்குவோரின் மேஸ்திரியே கொண்டுவந்து என் மேசையில் விரித்துக் காட்டினார். உமியும் தவிட்டுத் தூசும் பறக்கும் இடத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இப்போது புகையெல்லாம் வாசலுக்கு வெளியே, புங்க மரத்தடியில்தான். முதலாளியின் குளிர்சாதன அறையில் சாம்பல் கிண்ணம் இருப்பதே விதிக்குப் புறம்பு என்று அவரிடம் சொல்லத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று!

மதுவின் கதை வேறு. குடித்துவிட்டு வந்தால் அன்று வேலை கிடையாது என்று எழுதி ஒட்டினோம். மூட்டை அடுக்கின் மேல் ஏறுகிறவருக்குக் கால் தடுமாறக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் வாரமே நான் திருப்பி அனுப்பிய ஒருவர், தள்ளாடியபடி மொபெட்டை உதைத்துக் கிளப்பித் தஞ்சாவூர்ச் சாலையில் திரும்பியதைப் பார்த்தபோது, ஆலைக்குள் நடக்கவிருந்த விபத்தைச் சாலைக்குத் தள்ளிவிட்டேனே என்று உறுத்தியது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது சட்டம். எங்களிடம் உள்ள அளவுகோலோ மேஸ்திரியின் மூக்கு ஒன்றுதான். ஆகவே இப்போது முதலில் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து ஆள் வரும்வரை காவலாளியின் கொட்டகையில் உட்கார வைக்கிறோம்.

சனிக்கிழமைக் கூலி நேரே டாஸ்மாக்குக்குப் போகிறதே என்று, அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றவும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் மளிகைக்கும் எங்கே போவது என்று களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் கேட்டார்கள், அன்றே கைவிட்டேன்.

உன் விதிமுறையில் தண்டனை எத்தனை நாள் என்பதை எப்படியும் எழுதுவாய். சாவியை யார் வாங்கி வைப்பது என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கு. வரைவு முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
இராமமூர்த்தி