பொதியைப் பிரித்ததும் முதலில் இதைப் படி, மக்களே

அன்பு மகளுக்கு,

உன் தோழி லீவு முடிந்து அயர்லாந்தில் நீ இருக்கிற கார்க் நகரத்துக்குத் திரும்புகிறாள். அவள் பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் தருகிறேன் என்று சொன்னதும் எல்லாவற்றையும் மடித்துக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு உருப்படியையும் பிள்ளையின் நாளில் எந்த வேளைக்கு வேண்டும் என்று யோசித்துத்தான் பின்னினேன். அதனால் எது எதற்கு என்று எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோவேன், நீயும் டியூட்டி அவசரத்தில் ஓடிவிடுவாய்.

என்ன பிள்ளை என்று உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாதே. இங்கே யாரும் அதைத் தெரிந்துகொண்டு பிள்ளை பெற்றதில்லை, எனக்கும் அந்தக் காத்திருப்பு பிடித்திருக்கிறது. அதனால்தான் எல்லாம் மஞ்சள், வெள்ளை, இளம்பச்சை. "பிறக்கும் முன்னே உடுப்பு தைக்கலாமா?" என்று உன் பெரியம்மை முகம் சுளித்தாள். நவம்பரில் மழையும் காற்றுமாக இருக்கிற ஊரில் பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பிறந்த பிறகு பின்ன ஆரம்பித்தால், அது தவழும்போதுதான் உடுப்பு வந்து சேரும். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் முதல் கண்ணியைப் போட்டேன்.

முதலில் குல்லா. மூன்று இருக்கும். எல்லாம் பருத்தி நூல், மூன்று மில்லிமீட்டர் குரோஷா கொக்கி ஊசி. உச்சியில் ஒரு வளையம் போட்டு, அதில் 12 டபுள் குரோஷா கண்ணி, அடுத்த சுற்றில் 24, பிறகு 36, இப்படிச் சுற்றுக்கு 12 கூட்டிக்கொண்டே போய், அளவு வந்ததும் அதற்கு மேல் கூட்டாமல் நேராக இறக்கியிருக்கிறேன். பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் இருக்கும். குல்லாவை 33-க்கு நிறுத்தினேன். பின்னல் இழுபடும், அப்போதுதான் கண்ணை மறைக்காமல் நெற்றியில் நிற்கும். மேலே குஞ்சம் வைக்கவில்லை, தாடைக்குக் கீழே கட்டும் நாடாவும் வைக்கவில்லை. நீ பிறந்தபோது உனக்குப் போட்ட குல்லாவில் சாட்டின் நாடா உண்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளையின் கழுத்துப் பக்கம் நாடா எதற்கு? வெளியே போகும்போது மட்டும் குல்லாவைப் போடு. வீட்டுக்குள் தூங்கும்போது தலையை மூடாதே. பிள்ளைக்கு உடம்புச் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும். இங்கே நாம் வேனல் காலத்திலும் குல்லா மாட்டிவைப்போம், அந்தப் பழக்கம் உன் ஹீட்டர் போட்ட அறைக்கு ஆகாது.

பூட்டீஸில், அதாவது பிள்ளையின் கால் உறையில், பூ வேலை எதுவும் இல்லை. நெருக்கமான சிங்கிள் குரோஷாதான். ஓட்டை உள்ள டிசைன் போட்டால் சின்னக் கால்விரல் அதில் போய் மாட்டும். உள்ளே ஒரு நூல் முனை நீண்டிருந்தால் போதும், விரலைச் சுற்றி இறுக்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முனையையும் ஒரு பக்கம் கோத்து, திருப்பி எதிர்ப்பக்கம் கோத்து, மறுபடி ஒருமுறை கோத்து வெட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் உள்பக்கம் திருப்பி உன் விரலை விட்டுத் தடவிப் பார். உன் தலைமுடி ஒன்று உள்ளே கிடந்தாலும் அதே வேலையைச் செய்யும். பிரசவத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், நினைவில் வை.

ஸ்வெட்டர் இரண்டு. கழுத்திலிருந்து கீழே இறங்குகிற மாதிரி ஒரே துண்டாகப் பின்னினேன், கக்கத்தில் தையல் இல்லை, உறுத்தாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கும். தலை வழியாக மாட்டுகிற உடுப்பு என்றால் முதல் மாதத்தில் பிள்ளையும் அழும், தாயும் அழுவாள். பட்டனுக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்திருக்கிறேன், அதையும் அடிக்கடி இழுத்துப் பார், தளர்ந்தால் வெட்டி எறிந்துவிடு. பிள்ளையின் கை சில்லென்று இருக்கிறதே என்று ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போடாதே. கை கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பார். அங்கே வியர்த்தால் ஒன்றைக் கழற்று. நர்சுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் தன் பிள்ளை என்று வரும்போது படித்ததெல்லாம் மறந்துபோகும், நான் பார்த்திருக்கிறேன்.

அடியில் இருக்கிற பெரிய உருப்படிதான் போர்வை. 75-க்கு 90 சென்டிமீட்டர். நாலு மில்லிமீட்டர் ஊசியில் உல்லன் நூல், கடையில் உல்லன் என்று விற்கிற அக்ரிலிக்தான், ஆட்டுக் கம்பளி இல்லை. பருத்தியில் பின்ன வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அவ்வளவு பெரிய பருத்திப் பின்னல் நனைந்தால் கனத்துப்போகும், கார்க் மழையில் காய நாள் கணக்காகும். உல்லன் சீக்கிரம் காய்ந்துவிடும். இதை மட்டும் இஸ்திரி போட்டுவிடாதே. சூடு பட்டால் உல்லன் நூல் துவண்டு தொங்கிவிடும், மறுபடி எழும்பாது.

இது தொட்டிலுக்கு இல்லை. மடியில் வைத்துப் பால் கொடுக்கும்போது, தள்ளுவண்டியில் போகும்போது, தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவைத்து விளையாடும்போது, அவ்வளவுதான். இரவில் உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்வது போலவே செய்: மல்லாக்கப் படுக்கவை, கால் தொட்டிலின் கால்மாட்டைத் தொடட்டும், மெல்லிய ஓட்டைப் பருத்திப் போர்வையைத் தோளுக்கு மேலே வராமல் ஓரங்களைச் செருகு, அறை 16-லிருந்து 20 டிகிரி. அம்மா ஆசையாகப் பின்னியதாயிற்றே என்று இதைத் தொட்டிலில் போடாதே, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காரில் போகும்போது முதலில் சீட் பெல்ட்டை உடம்போடு ஒட்டி மாட்டிவிட்டு, அதற்கு மேல் போர்த்து. கார் உள்ளே சூடானதும் எடுத்துவிடு.

சரி, இப்போது வெள்ளைத் துணியில் தனியாகச் சுற்றியிருப்பதைப் பிரி. ஞானஸ்நான உடுப்பு. ஆறு மாதத்தில் லீவுக்கு வருவாய், இங்கே நம் சபையில் வைத்துக் கொடுக்கலாம் என்று பேசினோமே, அந்த அளவுக்குத் தைத்திருக்கிறேன். முழுதும் குரோஷாவில் பின்னவில்லை. முழுதும் பின்னினால் கனக்கும், மே மாத வெயிலில் பிள்ளைக்கு அரிக்கும். மேல்பகுதி மட்டும் 20-ம் நம்பர் நூலில் அன்னாசி டிசைன், கீழே பாவாடை மல் துணி. அதன் விளிம்பில் தைத்திருக்கிற பட்டையை நன்றாகப் பார். அது நான் பின்னியதில்லை. உன் அப்பாவைப் பெற்ற பாட்டி திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளை உருட்டி உருட்டிப் போட்ட ரேந்தை, அதாவது லேஸ். பெட்டியடியில் ஒரு சாண் ஒரு சாணாகச் சுருட்டி வைத்திருந்தாள்.

பாட்டி அதைக் கற்றது மிஷன் காம்பவுண்டில். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மோல்ட் போதகரின் மனைவி மார்த்தா அம்மையார்தான் இங்கே ரேந்தையை ஆரம்பித்துவைத்தது. அந்தக் காலத் திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். அம்மையாரின் மகள் எலிசா 1844-ல் கால்டுவெல்லைக் கட்டி இடையன்குடிக்குப் போனபோது அந்த ஊருக்கும் வேலை போயிற்று. இதைச் சொல்லும்போது பாட்டியின் குரல் மாறும். உடுப்பின் ஓரத்தில் வைக்கிற அலங்காரம் என்று அவள் ஒருநாளும் ரேந்தையை நினைத்ததில்லை, அது கூலி, மானம்.

நீ இருக்கிற ஊருக்கும் இது புதிதில்லை, மக்களே. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்த சமயத்தில், கார்க் பக்கத்துப் பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியாஸ்திரீகள் ஏழைப் பிள்ளைகளுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். வடக்கே குளோன்ஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற போதகர் மனைவி 1847-ல் அதே வேலையைத் தொடங்கினார். ரோஜாவும் குளோவர் இலையுமாகத் தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைபோல் இணைப்பார்கள். அங்கே மியூசியத்தில் எங்காவது வைத்திருந்தால் போய்ப் பார், முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. ரோஜா இதழ் தூக்கி நிற்க உள்ளே ஒரு தடித்த நூலைச் சேர்த்துப் பின்னுவார்களாம், அதை நான் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உன் வீட்டுக்காரம்மா வயதானவர், பழைய ஞானஸ்நான உடுப்பு வைத்திருக்கிறார் என்றாயே, அவரிடம் இந்த ரேந்தையைக் காட்டு. இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.

துவைப்பது பற்றி. எல்லாவற்றையும் போடும் முன் ஒருமுறை வாசனையில்லாத சோப்பில் அலசு, என் கைப் பிசுக்கும் கடைத் தூசியும் அதில் இருக்கும். ஸ்வெட்டரை ஈரத்தோடு கொடியில் தொங்கவிடாதே, கனத்தில் நீண்டுவிடும். துண்டில் சுருட்டி அழுத்தி, மேசையில் பரப்பிக் காயவை. ஞானஸ்நான உடுப்பைத் தவிர மற்ற எதையும் பத்திரப்படுத்தாதே. பால் கக்கட்டும், மஞ்சள் கறை படியட்டும், மிஷினில் போடு. உன் சின்ன வயது ஸ்வெட்டர் ஒன்றைப் "பிறகு போடலாம்" என்று உன் அத்தை எடுத்துவைத்தாள், எடுத்தபோது உன் கை உள்ளே நுழையவில்லை. அதை இன்றும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டியவள். அப்பாவின் டயாலிசிஸ் வாரம் மூன்று நாள், யாரிடம் விட்டுவிட்டு வர? இதை எழுத எழுத மனசு கனக்கிறது, ஆனால் நீ அழாதே. வலி வந்ததும் மாப்பிள்ளையை எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல், ராத்திரி எந்நேரமானாலும் சரி. போன் தலைமாட்டில்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு வேலை உனக்கு. பெரிய குல்லாவுக்குள் தையல் டேப் ஒன்று வைத்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் பிள்ளையின் தலை மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் வளரும், இந்தக் குல்லாக்கள் சீக்கிரமே பற்றாது. ஒரு மாதம் ஆனதும் புருவத்துக்கு மேலே வைத்துத் தலையை அள, பிறகு நெஞ்சு, பிறகு குதிகாலிலிருந்து பெருவிரல் வரை. மூன்றையும் சென்டிமீட்டரில் மெசேஜ் போடு. அடுத்த அளவுக்கு இளம்பச்சை நூல் வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா