மேசையை விட்டு எழும்பிப்போன அண்ணைக்கும், மற்ற எல்லோருக்கும்

விசாரித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலை கதிரையில் இருந்து தன் கையாலேயே தேத்தண்ணீர் குடித்தார். என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை. கசினோவில் நடந்த போக்கர் சீட்டுப் போட்டியில் நான் வென்ற கோப்பை அம்மாவின் சாமியறையில் இருக்கிறது. நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனாலும் ஒருவரைப் பற்றி எழுதாமல் என்னால் மற்றவர்களிடம் வர முடியாது.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. போட்டியின் இரண்டாம் நாள் முழுக்க எனக்கு இடப்பக்கம் இருந்து விளையாடிய அண்ணை என்றால், அங்கே நின்றவர்களுக்கு விளங்கும். கடைசி இரண்டு மேசைகள் மிஞ்சியிருந்த நேரம், அவர் தன்னிடமிருந்த சிப்ஸ், அதாவது பந்தயம் வைக்கும் வில்லைகள், முழுவதையும் முன்னால் தள்ளினார். நான் ஏற்றுக்கொண்டேன். அவரிடம் இரண்டு கிங், என்னிடம் இரண்டு பத்து. ரிவர் என்கிற கடைசிப் பொதுச் சீட்டு மட்டும் மிச்சம். பார்க்காத 44 சீட்டுகளில் என்னைக் காப்பாற்றக்கூடியவை மற்ற இரண்டு பத்துகள் மட்டும்தான். அதில் ஒன்று விழுந்தது.

போக்கர் விளையாடுகிறவர்களுக்கு அது எப்படி வலிக்கும் என்று தெரியும். ஒரு பிழையும் விடாமல், சரியான சீட்டோடு சரியான நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணை எழும்பினார், எனக்குக் கை தந்தார், கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரைத் திரும்பக் காண்பேன் என்று நான் நினைக்கவேயில்லை.

இரவுச் சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?" என்று பின்னால் ஒரு குரல். கையில் பார்சலோடு அண்ணை நிற்கிறார். ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குப் போய், இடியப்பமும் சம்பலும் சொதியும் வாங்கிக்கொண்டு, காலி வீதி நெரிசலுக்குள் திரும்பி வந்திருக்கிறார். உள்ளே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் மத்தியானமும் நான் தட்டைத் தொடாமல் வைத்ததை மனுஷன் கவனித்திருக்கிறார். படியில் இருந்து சாப்பிட்டேன். சொதிப் பையை வைக்க இடமில்லை. அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அவர் என் முன்னால் நின்றார். நான் இடியப்பத்தை அதற்குள் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடியத்தான் ஒரு விஷயம் சொன்னார். "பசியில உங்கட கை நடுங்குது. கை நடுங்கினா பெரிய சீட்டு வந்திட்டுது எண்டுதான் அவையள் நினைப்பினம். நல்ல சீட்டு வரேக்க ஒருத்தரும் காசு போடமாட்டினம்." நான் வெளியே அனுப்பிய மனிதர், நான் எப்படி வெல்லலாம் என்று எனக்குச் சொல்லித் தருகிறார்! அதற்குப் பிறகும் போகவில்லை. விடியப்புறம் கடைசிச் சீட்டு திரும்பும்வரை கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

சீட்டு என்றாலே குடியைக் கெடுக்கிறது என்பார்கள் நம் சனம். கெட்ட குடிகளை நானும் கண்டிருக்கிறேன், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கடன் காசோடு நான் மேசைக்குப் போனதில்லை, இனியும் போகமாட்டேன். ஆனால் அதே மேசையில் இப்படி ஒரு மனிதரும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இனி என்னிடம் தோற்று எழும்புகிற ஒருவரைத் தேடிப்போய்ச் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் நான் சாப்பிடமாட்டேன். இதை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன், சத்தியமாகத்தான்.

மற்றவர்களுக்கு வருகிறேன். 304 என்கிற சீட்டாட்டத்தை விளையாடப் பழக்கிய அம்மம்மா, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 என்று விழுந்த சீட்டுகளை மனதில் வைக்கவும், துரும்பைக் கவிழ்த்துவிட்டு முகத்தை அப்படியே வைத்திருக்கவும் உங்களிடம்தான் படித்தேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், இணையப் போட்டி பாதியில் நின்றுவிடக் கூடாதென்று தங்கள் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்த கீழ்வீட்டு மாமி, மாமா. உள்ளூர்க்காரர் கசினோவுக்குள் போக வாசலில் டொலர் கணக்கில் கட்டும் வரியைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிவிட்ட சினேகிதி. இரவில் அப்பாவுக்குப் பக்கத்தில் மாறி மாறி நின்ற தம்பிமார், இரத்தம் கொடுத்தவர்கள், என் போனுக்குப் பதில் சொல்லிச் சலிக்காத தாதிமார். எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், போட்டிக்கான நுழைவுக் கட்டணத்தில் பங்கு போட்டவர்கள் தயவுசெய்து உங்கள் வங்கி விபரத்தைத் தம்பிக்கு அனுப்பிவையுங்கள். கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். "பரவாயில்லை, அப்பாவுக்குச் செலவழியும்" என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம், அப்பாவின் செலவுக்குக் காசு இருக்கிறது. வென்ற காசில் உங்கள் பங்கு உங்களுக்குத்தான் வரும்.