சஸ்பெண்ட் செய்தால் ஆம்பூல் மாறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மருத்துவத்தில் ‘அமைப்புச் சிந்தனை’ பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தவறு செய்த ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், அந்தத் தவறுக்கு வழிவிட்ட ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நம்ம பேப்பரிலும் இதெல்லாம் வருகிறதே என்று, எம்பிபிஎஸ் மூன்றாம் வருடம் படிக்கும் என் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பக்கத்தில் ‘ஊசி மாற்றிப் போட்ட அலட்சிய நர்ஸ் சஸ்பெண்ட்’. அந்தப் பெண்ணின் ஊர், அப்பா பெயர் எல்லாம் இருந்தது. அன்று இரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள் என்பது மட்டும் இல்லை. ஞாயிறு பக்கம் போடுபவரும் செவ்வாய் பக்கம் போடுபவரும் ஒரே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்களா?

மே 12 செவிலியர் தினம் வந்தால் விளக்குப் படம் போட்டு, நர்ஸ்களான எங்களைத் தேவதை ஆக்குவதும் நீங்கள்தான். சரி, அது இருக்கட்டும்.

நான் 33 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள். பொட்டாசியம் குளோரைடைக் கரைக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. அந்த மருந்தும், ஊசி மருந்து கலக்கும் டிஸ்டில்டு வாட்டரும் எங்கள் வார்டில் ஒரே டிரேயில், ஒரே மாதிரி 10 மில்லி ஆம்பூலில், அதாவது உடைத்து எடுக்கும் சின்னக் குப்பியில், கிடக்கும். ஒரு நைட் டியூட்டியில் நானே மாற்றி உடைத்து சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் பாட்டி தண்ணீர் கேட்டார், கொடுத்துவிட்டு வந்து தற்செயலாக லேபிளைப் பார்த்தேன். அவருக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால் உங்கள் ஐந்தாம் பக்கத்தில் என் அப்பா பெயரும் வந்திருக்கும்.

மறுநாளே அந்த ஆம்பூல்களைத் தனி டப்பாவில் போட்டு, சிவப்புத் துணி சுற்றி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தவர்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். நடக்க இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோ வரும், டப்பா வராது.

படிப்பிலாவது இதைச் சொல்லித் தருகிறார்களா? 2019ல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தை மாற்றியபோது நோயாளியிடம் பேசுவது, மருத்துவ அறம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் டாக்டர் கேஸ் ஷீட்டில் கிறுக்கிய ஒரு வரி ஸ்டோர், இன்டென்ட் (ஸ்டோரில் மருந்து கேட்டு எழுதும் சீட்டு), டிரே என்று எத்தனை கை மாறி ஊசியாகிறது என்று ஒரு ராத்திரி எங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் என்ன? பேத்தி என்னிடம் கேட்கிறாள், “இன்டென்ட்னா என்ன பாட்டி?”

இதற்கெல்லாம் வெளிநாட்டுக் கட்டுரையும் தேவையில்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நம் ஊரில் மாவட்ட ஆட்சியர் வரை ஆய்வு போகிறது. வீட்டிலிருந்து எப்போது கிளம்பினார், வண்டி எப்போது வந்தது, ரத்தம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். ஊசி மாறினால் மட்டும் ஒரே கேள்விதான்: யார் போட்டது?

இந்திய செவிலியர் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். நான் ஒருத்தியாக 60 பேரைப் பார்த்த இரவுகள் உண்டு. அதனால் சின்னதாக ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது அப்பா பெயருக்குப் பதிலாக அந்த இரண்டு எண்களைப் போடச் சொல்லுங்கள், நோயாளிகள் எத்தனை, நர்ஸ்கள் எத்தனை என்று. இடமும் குறைவாகத்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ்,
விருதுநகர் மாவட்டம்