கதைத் தொகுப்புக்கு 40 பக்கம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கே மியன்மாரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் யாங்கோன், பகோ, மோல்மேன் கோயில்களில் கோடைத் தமிழ் வகுப்புக்குப் பாய் விரித்துவிடுவார்கள். பாடநூல் போக, நல்ல சிறுகதைகளைத் தாமே திரட்டிப் பிள்ளைகளுக்குத் தொகுத்துக் கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் நம்மிடையே உண்டு. இந்த வேலை செழிக்க வேண்டும். அதனால்தான் இக்கடிதம்.

முதல் தவறு ஆசை. பிடித்த கதை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் கட்டு கனக்கும், பிள்ளை மூன்றாவது கதையோடு மூடி வைத்துவிடும். வெளியில் பர்மியமே பேசி, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மாலைக்கு 1,000 சொல் போதும். அந்த அளவில் 6 கதைகள். ஏ4 தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம். 12 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 190 சொல் அமரும். கதைக்கு 6 பக்கம் வீதம் 36, தலைப்பு, பொருளடக்கம், மூலக்குறிப்பு ஆகியவற்றுக்கு 4. ஆக 10 தாளில் முடிந்துவிடும். 15 தாளைத் தாண்டினால் மடிப்பு உப்பி, உள்தாள்கள் வெளியே துருத்தும். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்புக்கு எட்டாது. மூன்று துளையிட்டு, நடுத்துளையில் தொடங்கி அங்கேயே முடிச்சு விழும்படி தடித்த நூலால் தைத்தால் பல கை மாறினாலும் பிரியாது.

வரிசையும் முக்கியம். உரையாடல் நிறைந்த, மிகச் சிறிய கதை முதலில் வரட்டும். கனமானதை மூன்றாவதாக வையுங்கள். இரண்டு சாவுக் கதைகள் அடுத்தடுத்து வேண்டாம். அருஞ்சொற்பொருளைக் கடைசிப் பக்கத்தில் குவித்தால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே ஐந்தாறு சொல்லுக்குப் பர்மியத்தில் பொருள் எழுதுங்கள். கதாசிரியரின் சொல்லை மட்டும் மாற்றாதீர்கள்.

அதிகம் கெடுவது எழுத்துப் பிழையில்தான். பழைய புத்தகத்தைப் படமெடுத்து ஓ.சி.ஆர். வழியாக எழுத்தாக்கும்போது துணைக்கால் ரகரமாகிவிடும். 'வானம்' என்பது 'வரனம்' ஆனால் படிப்பவர் தடுமாறிக் கண்டுகொள்வார். 'காடு' என்பது 'கரடு' ஆனால்? 'பாவை' என்பது 'பரவை' ஆனால்? இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள், பிழைதிருத்தி கண்ணில் படாது, கதை மட்டும் வேறாகிவிடும். ஔகாரமும் அப்படியே. 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டிய 'ஒளவை' திரையில் சரியாகத் தெரியும், 'ஔவை' என்று தேடினால் அகப்படாது. ஒருவர் அச்சுப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துத் திருத்துவதைத் தவிர துணைக்கால் பிழைக்கு வேறு வழியில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஸாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவோடு மல்லுக்கட்டிய நமக்கு இது புதிதல்ல. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்று உரிமையை மறந்துவிடக் கூடாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அந்தக் கணக்கில் பார்த்தாலே 2009 முதல் இந்தியாவில் அவர் கதைகளுக்குத் தடையில்லை. ஆனால் பின்னால் வந்த பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் தனி உரிமை, அவற்றை எடுக்கக் கூடாது. மொழிபெயர்ப்புக் கதை என்றால் மொழிபெயர்த்தவரின் உரிமையையும் பார்க்க வேண்டும். வாழும் எழுத்தாளர் என்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் துயரம். கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் வழிவந்த நமக்கு உடனே சேர்க்கத் தோன்றும். அது நெடியது, பிள்ளைகளுக்கு ஏற்றதும் அல்ல. வெட்டிச் சுருக்காமல் பெரியவர்களுக்குத் தனிப் பிரதியாகக் கொடுங்கள்.

வைபர் செயலியில் அனுப்புவதற்கு எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் நல்லது. வேர்டு கோப்பில் வரியும் பக்கமும் கலைந்துபோகும். பிழை திருத்தி மறுபடி அனுப்பும்போது கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேருங்கள், இல்லையேல் பழைய பிரதிதான் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றுபோகும் மாலைகளுக்கு அச்சுப் பிரதி ஒன்று வகுப்பில் இருக்கட்டும்.

கடைசியாக, இந்த மண்ணிலேயே எழுதப்பட்ட தமிழ்க் கதை ஒன்றாவது தொகுப்பில் இருக்க வேண்டும். பழைய பர்மாத் தமிழ் இதழ்களின் நறுக்குகள் சில வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். தாள் முறுகிப் போயிருக்கும். ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் நொறுங்கிவிடும். சன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து படமெடுப்பதே நல்லது. வருத்தம் என்னவென்றால், பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் இதழின் பெயரும் தேதியும் கதையை நறுக்கும்போதே கத்தரிக்குப் போய்விடுகின்றன. எப்போது, எங்கே வந்தது என்று தெரியாத கதைக்கு மூலக்குறிப்பு எழுத முடியாது, உரிமை யாருடையது என்று தேடவும் முடியாது.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் வரும் ஒவ்வொரு சிறுகதையின் முடிவிலும், எழுத்தாளர் பெயருக்குக் கீழே, இதழின் பெயரையும் தேதியையும் ஒரே வரியில் சின்ன எழுத்தில் அச்சிடுங்கள். நறுக்கினாலும் அந்த வரி கதையோடு இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாங்கோன்