பழி வீரருக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) சோபிக்காவிட்டால், 'ஆள் சரியில்லை' என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அந்தப் பழி அணிக்கே சேர வேண்டியது.

2002இல் புதிதாகக் களமிறங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ், டேவிட் காரை முதல் ஆளாக எடுத்தது. அவருக்கு அரணாக நிற்க வேண்டிய தடுப்பு வரிசையோ மிகப் பலவீனம். அந்த ஒரே பருவத்தில் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார்; என்எஃப்எல் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். இப்படி அடிவாங்கும் இளைஞரின் பார்வை, முன்னே ஓடும் சக வீரரை விட்டுவிட்டுத் தன்மேல் பாய்பவரிடம் போய்விடும். காலை ஊன்றாமலே அவசரமாக எறிவார். இது பழகிவிட்டால், பிறகு நல்ல அரண் கிடைத்தாலும் லேசில் மாறாது.

சாம் டார்னல்ட் 2018இல் மூன்றாவது தேர்வு. அவரை எடுத்த நியூயார்க் ஜெட்ஸ் அணியில் மூன்றே ஆண்டுகளில் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள். பிறகு வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அவரே 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்காக 35 டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து, 14 வெற்றி தேடித் தந்தார்.

வீரர் தவறே இல்லை என்று சொல்லவில்லை. 2007இன் முதல் தேர்வான ஜமார்கஸ் ரசல், ஒப்பந்தப் பேரம் இழுத்ததால் பயிற்சி முகாமையே தவறவிட்டார். உடல் எடையையும் கட்டுக்குள் வைக்கவில்லை.

இளைஞரை அவசரப்படுத்தாத அணியும் உண்டு: கான்சஸ் சிட்டி அணியோ 2017இல் எடுத்த குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை, அனுபவமிக்க அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் மாற்று வீரராக உட்காரவைத்து, அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் கடைசி ஆட்டத்தில் மட்டும் தொடக்க வீரராக இறக்கியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்