முதல் விமானத்துக்கு ஸ்பிட்ஃபயர் வேண்டாம், மாப்ள

காரைக்குடி,
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற கையோடு பால்சா மரத்தில் ரிமோட்டால் பறக்கவிடும் சின்ன ரேடியோ விமானம் கட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாம் கட்டில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது, பங்காளிகள் எல்லாரும் சரி என்று சொன்னால்தான் நகரும். அது கிடக்கட்டும், விமானத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய ஸ்பிட்ஃபயர் போர்விமான வரைபடத்தைப் பார்த்தேன். செட்டிநாட்டில் உலகப்போர் காலத்து ஓடுதளம் இருக்கிறதே, அங்கே சைக்கிளில் போய் நின்றுகொண்டு இங்கே என்னென்ன விமானம் இறங்கியிருக்கும் என்று நாம் பேசிய நாளிலிருந்தே உனக்கு அதன் மேல் ஆசை. ஆனாலும் முதல் விமானமாக அதைக் கட்டாதே. இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறுகுகிறது, அதனால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நுனி முதலில் தூக்குவிசையை இழந்து, விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுழலும். சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் தரையில் ஓடும்போதும் திரும்பிக்கொள்ளும். உயரம் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் புதிதாகக் கற்பவர்கள் வேகத்தை இழப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான், அப்போது கையில் உயரம் இருக்காது.

ஐந்தடி இறக்கை உள்ள ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள். இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும், அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், இரண்டு நுனியும் நடுவைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். இப்படி இருந்தால் ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டாலும் விமானம் தானாக நிமிர முயலும். சிக் கடெட், டெலிமாஸ்டர் என்று பல வருஷமாக எத்தனையோ பேர் கட்டிப் பழகியவை இந்த வகைதான். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் மெதுவாகப் பறக்கும். யோசிக்க நேரம் கொடுக்கும் என்பதுதான் அதில் பெரிய விஷயம். துண்டுகளை லேசரில் வெட்டித் தருகிற கிட்டாக வாங்கு, இறக்கைக்கு வடிவம் கொடுக்கிற விலா எலும்புகள் எல்லாம் ஒரே அளவில் வந்துவிடும். வரைபடத்தை மட்டும் வைத்து நீயே வெட்டிச் செய்வதை இரண்டாவது விமானத்துக்கு வைத்துக்கொள்.

எனக்குக் கிட் வந்த அன்று நம் தெரு ஆசாரி வந்திருந்தார். ஒரு பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது மரமா நெட்டியா?’ என்று கேட்டார். ஒரு கன அடி தேக்கு 18 கிலோ வரும் என்றால் நல்ல பால்சா நாலரைக் கிலோதான் வரும். ஈக்வடாரிலிருந்து வருகிற மரம். கிட்டில் 1/16 அங்குலம், 1/8 அங்குலம் என்று போட்டிருந்ததை அவர் உடனே அரை நூல், ஒரு நூல் என்று மாற்றிக்கொண்டார், அதற்கப்புறம் நானும் அப்படித்தான் சொல்கிறேன். பால்சாவில் ஒன்றைக் கவனி, ஒரே அளவுள்ள இரண்டு பலகைகள் எடையில் இரண்டு மடங்குகூட வித்தியாசப்படும். கையில் எடுத்து வளைத்துப் பார்த்துப் பிரித்து வை. கெட்டியான குச்சிகள் இறக்கையின் நெடுஞ்சட்டங்களுக்கு. மினுமினுப்பாகப் புள்ளி தெரிகிற, குறுக்கே வளையாத பலகை விலா எலும்புகளுக்கு. சுலபமாக வளைகிறது இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றிப் போர்த்த. இருப்பதிலேயே லேசானதை வாலுக்கு ஒதுக்கிவிடு, ஏனென்றால் வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சரிக்கட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. என் முதல் இறக்கையைப் பட்டாலையில் கிடந்த ஒரு பழைய தேக்குக் கதவின் மேல் வைத்துக் கட்டினேன். பர்மாத் தேக்கு, வளையாது என்று நம்பினேன். அது பல வருஷம் சாத்தி வைத்திருந்த கதவு, குறுக்கு மூலையில் முறுக்கேறியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த முறுக்கு அப்படியே இறக்கையில் இறங்கிவிட்டது. விமானம் கிளம்பியதிலிருந்து இடது பக்கமே சாய்ந்தது, நான் வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தேன், வேகத்தைக் குறைத்த நிமிஷம் அது கண்மாய்க் கரையிலிருந்த கருவேலங்காட்டில் போய் விழுந்தது. மூன்று மாத வேலை. முள்ளுக்குள் நுழைந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாப்ள.

அப்புறம் ஒரு நாள் ஆத்தங்குடிக்குத் தரைக்கல் வாங்கப் போனபோது, அவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றிக் கல் வார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கல்லின் முகம் மட்டமாக வருவதே கண்ணாடியால்தான். திரும்பி வந்ததும் ஒரு தடித்த கண்ணாடி வாங்கி மேஜையில் போட்டு, மேலே குண்டூசி இறங்குகிற மென்பலகை ஒன்றைப் பரப்பினேன். அதன் மேல் வரைபடம், பசை ஒட்டாமல் இருக்க மெழுகுக் காகிதம், அதற்கு மேல் மரம். இரண்டாவது இறக்கை நூல் பிடித்த மாதிரி வந்தது. நீயும் மேஜையிலிருந்து தொடங்கு. கட்டி முடித்ததும் இறக்கையைப் பின்னால் இருந்து கண் மட்டத்தில் பிடித்துப் பார், முறுக்கு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பசையில் சிக்கனம் வேண்டும், பசைக்கும் எடை உண்டு. உடனே பிடிக்கிற சயனோ பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது, அதனால் புட்டியை இறுக மூடி வை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய், புகை கண்ணைப் பிடுங்கும். மோட்டார் உட்காரும் முன்பலகைக்கு மட்டும் எபாக்சி.

எல்லாம் சேர்த்து எடை இரண்டு கிலோவுக்குள் நிற்கட்டும். இறக்கைப் பரப்பில் சதுர அடிக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஏறினால் மெதுவாக இறக்குவது கஷ்டம். கிலோவுக்கு 200 வாட் கணக்கில் 400 வாட் மோட்டார் போதும். நாலு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி என்றால் 14.8 வோல்ட், ஏறத்தாழ 27 ஆம்பியர் இழுக்கும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 40 ஆம்பியராவது தாங்க வேண்டும். பேட்டரியை மட்டும் அசட்டையாக விடாதே. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இருக்கிற ஊர் நம்முடையது, அதனால் இதில் எனக்குக் கூடுதல் கண்டிப்பு உண்டு. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதே, பறக்காத நாட்களில் 3.8 அளவில் வை, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதே. நான் மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

மரச்சட்டத்தின் மேல் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகிற பிலிமில் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. 300 அடி உயரத்தில் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர். என் விமானத்துக்குக் கண்டாங்கிச் சேலை மாதிரி மேலே மஞ்சள், அடியில் அரக்குக் கட்டம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

பறக்கவிடும் முன்பு எடைச் சமநிலையைப் பார். இறக்கையின் அகலம் 10 அங்குலம் என்றால் முன்விளிம்பிலிருந்து இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டு விரலால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் அன்றைக்குப் பறக்கவிடாதே, பேட்டரியை முன்னால் நகர்த்து. குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற மடல் மேலே எழ வேண்டும், இதை ஒவ்வொரு முறையும் பார். விமானம் உன்னை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தோன்றும், எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, கை தானாகப் பழகிவிடும். அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஒரு மாதமாவது தினம் அரை மணி நேரம் பழகு.

ஆடிக் காற்றில் எப்படியும் பறக்கவிட முடியாது, அதனால் அதைக் கட்டுகிற மாதமாக வைத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிலிம் ஒட்டும் வேலை, வயரிங் வேலை. பொங்கல் முடிந்து வா, கண்மாய்க்கு மேற்கே ஆளில்லாத பொட்டல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், காலை ஆறரை மணிக்கு அங்கே இலைகூட அசையாது. முதல் தடவை தனியாக ஏற்றாதே, என் ரிமோட்டையும் உன்னுடையதையும் இணைத்துக்கொள்வோம், விமானம் கைமீறினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

கிட் வந்ததும் முதலில் எல்லாப் பலகையையும் எடை போட்டு எனக்கு எழுது. வாலுக்கு எது என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய சைக்கிள் கூட்டாளி