புது லைட் அனுப்ப வேண்டாம்

செங்கோட்டை
ஆனி மாதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மீன் தொட்டிக்குப் புது லைட் ஆர்டர் செய்யப் போவதாகச் சொன்னாயே, செய்யாதே. செய்திருந்தால் ரத்து செய்துவிடு. தொட்டியில் வெளிச்சம் வந்துவிட்டது. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். நான் செய்த மடத்தனங்களையும் சேர்த்துச் சொல்ல அது போதாது. அதனால்தான் கடிதம்.

நீ காட்டிய படத்தில் இருந்த லைட் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கண்ணாடி விளிம்பில் கவ்வி நிற்கும் ரகம். அதை வைத்தால், தொட்டிக்கு மேல் டியூப்லைட்டுகளைத் தாங்கி நிற்கும் பலாமரப் பெட்டியைத் தூக்கி மச்சில் போட வேண்டும். நீ எட்டாம் வகுப்பு படித்தபோது, வாசல் நிலைக்கு அறுத்ததில் மிஞ்சிய பலகையில் ஆசாரி செய்து தந்த பெட்டி அது. இருபது வருடம் தொட்டியின் ஆவியைக் குடித்தும் ஒரு மூலைகூட விரியவில்லை. உள்பக்கத்தில் நீ பென்சிலால் எழுதிய "காலை 8 மணி, ஒரு சிட்டிகை" இன்னும் படிக்கும்படி இருக்கிறது. கெட்டுப்போனது பெட்டிக்குள் இருந்த சாமான்தான். சாமானை மாற்றினால் போதும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு டியூப் இரண்டு முனையிலும் கறுத்து, கண் சிமிட்டத் தொடங்கியது. ஸ்டார்ட்டரை மாற்றினேன். நாலு நாள் ஒழுங்காக எரிந்தது. பிறகு ஒரு மாலை, தொட்டிப் பக்கம் போனதும் எனக்கு வார்னிஷ் வாசனை அடித்தது. முப்பத்தைந்து வருடம் மோட்டார் வைண்டிங் செய்தவன் மூக்கு அந்த வாசனையை மறக்காது. சோக்கு வெந்துகொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன். உன் அம்மா வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

அந்தச் சோக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தகடு தகடாக அடுக்கிய இரும்பு, அதன்மேல் சுற்றிய தாமிரக் கம்பி, அவ்வளவுதான் அது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு தகடு சூடாகி வளைந்து ஒட்டி, டியூப்பின் முனைகளைக் காய வைத்துவிட்டுப் பிரியும். பிரியும் அந்த நொடியில் சோக்கு ஓர் உதை கொடுக்கும். அந்த உதையில்தான் டியூப்புக்குள் இருக்கும் பாதரச ஆவி பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு மின்சாரம் தலைதெறிக்க ஓடாமல் கடிவாளம் பிடிப்பதும் அதே சோக்குதான். இரண்டு வேலைக்கும் ஒரே சுருள்! இப்போது வருகிற பிளாஸ்டிக் டப்பாக்களில் இந்த அழகு கிடையாது. ஆனால் சோக்கு மின்சாரத் தின்னியும்கூட. இரண்டடி டியூப் இரண்டுக்கு 40 வாட் என்றால், சோக்குகள் சூடாக்கியே வீணடிப்பதையும் சேர்த்தால் 50-ஐத் தாண்டிவிடும்.

அதே சோக்குக்குத் தென்காசி முழுக்க அலைந்தேன். ஒரு கடைப் பையன் பழைய நாணயம் நீட்டியதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டியூப்லைட்டின் காலமே முடிகிறது. பாதரசத்தைக் குறைப்பதற்காக 2013-இல் ஜப்பானில் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், இந்த டியூப்களின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-இல் முடிவெடுத்துவிட்டன. இனி சோக்கு தேடுவது வீண்.

பழைய ஹோல்டரிலேயே மாட்டும் எல்.இ.டி. டியூப் வருகிறதே என்று மாப்பிள்ளை கேட்பார். நானும் யோசித்தேன். கூட வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட்டு, சோக்கை அப்படியே விட்டும் எரியவைக்கலாம். சோக்கைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கும் ரகமும் உண்டு. கூடத்துச் சுவருக்கு அது போதும். ஆனால் நம் பெட்டியின் ஹோல்டர்களைக் கழற்றிப் பார்த்தபோது பித்தளை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. இருபது வருட ஆவி. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, அந்த ஹோல்டரில் 230 வோல்ட். இவ்வளவு நாள் நீயும் நானும் தொட்டிக்குள் கைவிட்டுப் பாசி சுரண்டியதை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. பெட்டிக்குள் இனி 12 வோல்ட்டுக்கு மேல் நுழையக் கூடாது என்று அன்றே தீர்மானித்தேன்.

நாடாவில் எல்.இ.டி.களை வரிசையாகப் பதித்த ஸ்ட்ரிப் வாங்கக் கேரளத்துப் புனலூர் போனேன். தென்காசியிலேயே கிடைக்கும்தான், உன் அம்மாவும் அதையேதான் சொன்னாள். எனக்கு ரயிலில் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அகலப் பாதை ஆனபிறகு, 2018-க்கு அப்புறம், நான் பகலில் அந்த வழியே போகவே இல்லை. ஆரியங்காவு தாண்டிக் குகையெல்லாம் கடந்து, பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது சாரல் ஜன்னலுக்குள் அடித்தது. ஒருவரும் ஜன்னலை மூடவில்லை. புனலூரில் என்னிடம் முன்பு மோட்டார் கொண்டுவந்த ஒருவர் கடைவீதியில் அடையாளம் கண்டு, "சேட்டா, கடை பூட்டியோ?" என்று கேட்டார். முட்டு வலியைச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார். என் தாத்தாவின் நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் ஊர் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவர்களுக்கு நாம் இன்னும் பாதி வீட்டு ஆட்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மீட்டர் சுருள் ஒன்று, சிலிகான் பூசிய ரகம். மீட்டருக்கு 60 எல்.இ.டி., 14.4 வாட். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. மும்மூன்று எல்.இ.டி.யாகத் தொடரில் சேர்த்திருப்பதால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கிறது. அங்கேதான் வெட்ட வேண்டும், வேறு இடத்தில் வெட்டினால் அந்தத் துண்டு செத்துவிடும்.

இனி என் மடத்தனம். பழையது 40 வாட், புதியது கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று 80 சென்டிமீட்டரில் ஐந்து வரிசை ஒட்டினேன். நாலு மீட்டர், கிட்டத்தட்ட 58 வாட். ஐந்து ஆம்பியர் சாதனத்திலிருந்து 4.8 ஆம்பியரை உறிஞ்சினால் அது என்ன ஆகும்? தொட்டால் கை சுட்டது. ஒரு மோட்டாருக்கு நான் இப்படிக் கம்பி போட்டிருந்தால் என் குருநாதர் ஸ்பேனரால் அடித்திருப்பார்.

எல்.இ.டி. சூடாகாது என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். அதன் வெளிச்சத்தில்தான் சூடு இல்லை. முதுகில் இருக்கிறது. டியூப் தன் உடம்பு முழுக்கச் சூட்டை விடும். இதுவோ கடுகளவு சில்லுக்குப் பின்னால் எல்லாச் சூட்டையும் சேர்த்து வைக்கிறது. மரத்தில் ஒட்டினால் அந்தச் சூடு போக வழி இல்லை. மூன்றாம் நாள் பசை இளகி, இரண்டு வரிசை பிரிந்து, கண்ணாடி மூடியின் மேல் பாம்புபோலத் தொங்கியது. உன் அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்துவிட்டார்கள்.

நான் மறுபடி ஒட்டினேன். ஒரு வாரம் ஓடியது. பத்தாம் நாள் கண்ணாடி பச்சையாகத் தொடங்கியது, இரண்டாம் வாரம் தண்ணீரே பச்சையானது. ஏஞ்சல் மீன்கள் இரண்டும் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. அப்போதுதான் கணக்கு எங்கே தப்பியது என்று புரிந்தது. டியூப் எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசும். பாதி மேலே மரத்துக்குப் போய்விடும், ஆசாரி உள்ளே வெள்ளை அடித்திருந்ததால் கொஞ்சம் திரும்பி வரும். ஸ்ட்ரிப் முழுவதையும் கீழே மட்டுமே கொட்டுகிறது. வாட்டுக்கு வாட் பொருத்தியதே தவறு. அதோடு பழைய பழக்கத்தில் காலை முதல் இரவு வரை பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டேன். பாசிக்குத் தினமும் விருந்து!

எல்லாவற்றையும் பிடுங்கினேன். இரண்டு அலுமினியச் சேனல் வாங்கி, அவற்றில் ஒவ்வொரு வரிசையாக ஒட்டி, சேனலை மரத்தில் திருகினேன். 1.6 மீட்டர், 23 வாட். வெட்டிய முனைகளையும் ஈயம் பற்றவைத்த இடங்களையும் சிலிகானால் மூடினேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, சுவரில் தொட்டியின் மட்டத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வயர் பெட்டியிலிருந்து இறங்கி, கீழே தொங்கலாக வளைந்து, பிறகு மேலே ஏறுகிறது. வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். இதை உன் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் பார்த்து வை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிட்டேன்.

இரண்டு வரிசைக்கும் தனித்தனி சுவிட்ச். ஒரேயடியாகப் போட்டால் ஏஞ்சல்கள் மிரண்டு கண்ணாடியில் முட்டுகின்றன. டியூப் மினுக்கி மினுக்கித்தான் எரியும், அவற்றுக்கு விழிக்க நேரம் இருந்தது. இப்போது முதலில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து மற்றது. மதியம் மூன்று முதல் இரவு பத்து வரை, ஏழு மணி நேரம். தினம் கால்வாசித் தண்ணீரை மாற்றியதில் பச்சை வடிந்துவிட்டது. வாலிஸ்னேரியா துளிர்த்திருக்கிறது. நேற்று மாலை ஹைட்ரில்லாவிலிருந்து குமிழி வரிசையாக ஏறியது. பள்ளியில் புனலைக் கவிழ்த்து வைத்துக் காட்டிய சோதனை நினைவிருக்கிறதா? ஒளிச்சேர்க்கை, அதேதான்.

கரண்ட் கணக்கும் சொல்கிறேன், உன் கணவர் கேட்பார். முன்பு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், மாதம் 18 யூனிட்டுக்கு மேல். இப்போது 6 யூனிட்டைத் தொடாது.

ஒன்று மட்டும் வியப்பாக இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உண்மையில் நீலம். மேலே பூசிய மஞ்சள் பூச்சால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. டியூப்பிலும் பாதரசம் தருவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், உள்ளே பூசிய பொடிதான் அதை வெளிச்சமாக்குகிறது. அந்த நீலத்தை வரவழைத்ததற்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரு சுருள்கூடச் சுற்றாமல் நோபல் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பழைய டியூப் இரண்டையும் அட்டை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். பேத்தி வந்தால் எட்டாது. உடைத்தால் பாதரசம் வீட்டுக்குள் வரும், குப்பையிலும் போட முடியாது. மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். வெந்த சோக்கைப் பிரித்துத் தாமிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதே.

உன் எழுத்துக்கு மேல் சிலிகான் கொஞ்சம் வழிந்துவிட்டது. "காலை 8 மணி" மறைந்துபோய், "ஒரு சிட்டிகை" மட்டும் மிச்சம்.

இப்போது இருக்கும் ஒரே தொல்லை உன் அம்மா. காலையில் விளக்கேற்றும்போதே தொட்டி சுவிட்சையும் தட்டிவிடுகிறாள், "மீனும் இருட்டில் கிடக்க வேண்டுமா?" என்று கேட்கிறாள். பாசிக் கணக்கு அவளிடம் எடுபடவில்லை. ஆகவே லைட்டுக்கு வைத்திருந்த பணத்தில், பிளக்கில் செருகும் 24 மணி நேர டைமர் ஒன்று வாங்கி அனுப்பு. கரண்ட் போய் வந்தாலும் நேரத்தை மறக்காத ரகமாகப் பார்த்து வாங்கு. சாரல் காற்று தொடங்கிவிட்டதால் இங்கே தினமும் இரண்டு தடவையாவது போகிறது.

அன்புடன்,
அப்பா